மரக்கலமும் மலைநாடும்

அலவத்துகொடவில் நின்று கடலைக் காண இயலாது. கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, அக்குறணைக்கு அப்பால் அமைந்துள்ள இவ்வூரைச் சூழ இருப்பவை குன்றுகளும், மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களும், பலாவும் கமுகுமே. இத்தகைய மலைநாட்டு ஊரொன்றிலிருந்து பழைய பாய்க்கப்பல்களைப் பேணுவது பற்றிப் பேச முற்படுவது பொருத்தமாகுமோ என்று நேயர்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும், அதற்கு விடையும் உண்டு.

அக்குறணை ஊடாக ஓடும் பிங்கா ஓயா மகாவலி கங்கையிலே கலக்கின்றது. அந்த மகாவலியோ மலைகளைச் சுற்றி வளைந்து, கிழக்குச் சமவெளியைக் கடந்து, திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிற் சென்று சேருகின்றது. அலவத்துகொடவின் கடைத்தெருவை ஊடறுத்துச் செல்லும் ஏ-9 வீதி யாழ்ப்பாணம் வரை நீளுகின்றது. ஆகவே, இவ்வூரின் நீரும் கடலைத்தான் அடைகின்றது. இவ்வூரின் தெருவும் கப்பலோட்டிய மக்களின் நாட்டுக்குத்தான் செல்கின்றது.

இன்னுமொரு தொடர்பும் உண்டு. 1659 ஆம் ஆண்டின் இறுதியிலே சோழமண்டலக் கரையில் வீசிய புயலில், 'ஆன்' என்னும் ஆங்கிலேயக் கப்பல் தன் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நாட்டும் பொருட்டு அது கொட்டியாரத்தை வந்தடைந்தது. அப்பகுதி அன்று கண்டி அரசனாகிய இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கப்பலைச் சேர்ந்த சிலரை அரசனின் ஆட்கள் 1660 இல் சிறைப்பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு வந்தனர். அவர்களுள் ஒருவரே இராபட் நொக்ஸ். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்திலே வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்று, 1681 இல் இந்நாட்டைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டுக் கண்டியின் வாழ்க்கையைப் பற்றி நாம் இன்று அறிந்துள்ளவற்றுட் பல அந்நூலின் வழியாக வந்தவையே. முறிந்த பாய்மரம் ஒன்றுக்கு மாற்று மரம் தேடியதனால் விளைந்த நூல் அது என்று கூறின் மிகையாகாது.

மரம் முறிந்தால் மாற்ற வேண்டும். அதற்கு ஏற்ற மரம் வேண்டும். அந்த மரத்தை இழைத்து நாட்டத் தெரிந்த கை வேண்டும். பாய்க்கப்பலைப் பேணும் கலை முழுவதும் இந்த மூன்றினுள் அடங்கிவிடுகின்றது. இன்று நான் கூற விழைவதும் இதுவே: கப்பலைப் பேணுதல் என்பது உண்மையில் கைத்திறனைப் பேணுதலேயாகும். கை மறந்துவிட்டால் மரம் மட்டும் நிலைக்காது.

முதலில், மரக்கலம் எவ்வாறு அழிகின்றது என்பதை அறிதல் வேண்டும். புயலும் பாறையுமே கப்பலின் பகைகள் என்று பலரும் எண்ணுவர். ஆனால், துறைமுகத்திலே அமைதியாகக் கட்டப்பட்டிருக்கும் கப்பலுக்கும் பகைகள் பல. அவற்றுள் முதன்மையானது மழைநீர். கடல்நீரின் உப்பு, மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கின்றது. மழைநீரோ, மேற்றளத்தின் இடுக்குகளின் வழியே இறங்கி, காற்றோட்டமில்லாத மூலைகளிலே தங்கி, விலாமரங்களை உள்ளிருந்தே மக்கச் செய்கின்றது. வெளியே பார்ப்பவருக்குக் கப்பல் நன்றாக இருப்பது போலத் தோன்றும். உளி கொண்டு குத்திப் பார்த்தாலோ உள்ளே தூளாக இருக்கும்.

இரண்டாவது பகை, மரத்தைத் துளைக்கும் கடற்புழு. வெப்பக் கடல்களிலே இது மிகுதி. இதனைத் தடுப்பதற்காகவே பழங்காலத்தார் கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு வேய்ந்தனர். மூன்றாவது, இரும்பாணி. அது துருப்பிடித்துப் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். நான்காவது, கப்பலின் சொந்தப் பாரம். கப்பலின் அகன்ற நடுப்பகுதியை நீர் மிகுதியாகத் தாங்குகின்றது. ஒடுங்கிய முன்பகுதியையும் பின்பகுதியையும் குறைவாகவே தாங்குகின்றது. ஆண்டுகள் பல செல்ல, இரு முனைகளும் தாழ்ந்து, கப்பலின் முதுகெலும்பாகிய ஏரா என்னும் அடிமரம் வில்லைப் போல வளைந்துவிடும். அவ்வளைவை நிமிர்த்துவது எளிதான செயலன்று.

இவற்றோடு, பலகைகளுக்கு இடையேயுள்ள இடுக்குகளை அடைக்கும் வேலையும் ஓயாத வேலையாகும். நாரையோ பஞ்சையோ திரித்து இடுக்கிலே அடித்துச் செலுத்தி, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய பசையைப் பூசுவர். இத்தொழிலுக்குக் கலப்பற்று என்று பெயர். பலகை நனைந்து பருக்கும்போதும் உலர்ந்து சுருங்கும்போதும் இந்த அடைப்புத் தளரும். மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். எனவே, மரக்கலத்தை ஒருமுறை திருத்தி வைத்துவிட்டால் போதும் என்பதில்லை. வயல் போல, தோட்டம் போல, அதுவும் நாள்தோறும் கவனிப்பை வேண்டி நிற்பது.

மரத்துக்கு மழைநீர் பகை என்ற இந்த உண்மையை நம் மலைநாட்டுத் தச்சர் நன்கு அறிந்திருந்தனர். கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்கள் பல நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பதற்குக் காரணம், அவற்றின் மேலுள்ள அகன்ற ஓட்டுக்கூரையேயாகும். அக்கூரையின் கைமரங்கள் இருபத்தாறினையும் ஒரு பெரிய மரமுளை பற்றி நிற்பதைப் பார்த்தவர்கள், அதனைச் செய்த தச்சன் கப்பலும் கட்டியிருக்கக் கூடியவனே என்று எண்ணாதிருக்க மாட்டார்கள்.

இனி, பேணப்பட்ட கப்பல் ஒன்றின் வரலாற்றைப் பார்ப்போம். அதன் பெயர் நமக்கு மிகவும் அறிமுகமானது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹாட்டில்பூல் என்னும் ஊரிலே இன்றும் மிதந்துகொண்டிருக்கும் அக்கப்பலின் பெயர் 'திரிங்கோமலி'. நம் திருகோணமலையே அது. 1782 இல் அத்துறைமுகத்துக்கு அப்பாலுள்ள கடலிலே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் புரிந்த கடற்போரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது.

இந்தக் கப்பல் கட்டப்பட்டது இங்கிலாந்திலன்று, பம்பாயில். நெப்போலியனோடு நிகழ்ந்த நெடும்போரினால் இங்கிலாந்தில் ஓக்கு மரம் அரிதாகியிருந்தது. ஆகவே, இந்தியத் தேக்கினாலே போர்க்கப்பல்களைக் கட்டுவிக்க எண்ணினர். பம்பாய்த் துறையிலே தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிவந்த பார்சியர்களாகிய வாடியா குடும்பத்தாரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. ஏராமரத்தை நாட்டும்போது வெள்ளியாணி ஒன்றை அதிலே அடிப்பது அவர்களின் மரபு. அம்மரபு வழுவாது தொடங்கப்பெற்ற இக்கப்பல், ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையிலே உருவாகி, 1817 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12 ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது.

இதன் பிறப்பிலே ஒரு விந்தையும் உண்டு. முதன்முதலாக இதன் வரைபடங்கள் 'ஜாவா' என்னும் ஆங்கிலக் கப்பலிலே பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. வழியிலே, 1812 டிசம்பர் 29 ஆம் நாள், பிரேசில் கரைக்கு அப்பால் 'கொன்ஸ்டிடியூஷன்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் அதனைத் தாக்கி வென்றது. ஜாவா அழிந்தது, வரைபடங்களும் போயின. மறுமுறை வரைபடங்கள் அனுப்பப்பட வேண்டியதாயிற்று. இரு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. வரைபடத்தை அழித்த கப்பலும் இன்று இருக்கின்றது. அழிந்த வரைபடத்துக்கு உரிய கப்பலும் இன்று இருக்கின்றது. ஒன்று அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலும் மற்றொன்று இங்கிலாந்திலுமாக, இரண்டும் மக்கள் கண்டு களிக்க மிதந்துகொண்டிருக்கின்றன.

திரிங்கோமலி எவ்வாறு உயிர் தப்பியது? அது கட்டி முடிந்தபோது போர் ஓய்ந்துவிட்டது. ஆகவே, நெடுங்காலம் பணியின்றிக் கிடந்து, 1847 இல்தான் முதன்முறையாகக் கடற்பணிக்குச் சென்றது. பயன்படாத கப்பல்களின் தளத்துக்கு மேல் கூரையிட்டு வைப்பது அக்காலக் கடற்படையின் வழக்கம். எம்பெக்கேயின் தச்சர் அறிந்த உண்மையை அவர்களும் அறிந்திருந்தனர். பிற்காலத்தில், 1897 இல், வீட்லி கொப் என்பவர் அதனை விலைக்கு வாங்கி, 'பூட்ரோயன்' என்று பெயர் மாற்றி, இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி அளிக்கும் கப்பலாக்கினார். 1986 வரை அப்பணி நடந்தது. உடைத்து விறகாக்கப்பட்டிருக்க வேண்டிய கப்பலைக் காத்தது, அதற்கு ஒரு வேலை இருந்தமையே.

1987 இல் அது ஹாட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏன் அந்த ஊர்? அங்கே கப்பல் கட்டும் தொழில் முன்னரே ஒழிந்து போயிருந்தது. ஆயினும், 1979 முதல் 1987 வரை 'வொரியர்' என்னும் பழைய போர்க்கப்பலைத் திருத்தியமைத்த தொழிலாளர் அங்கே இருந்தனர். அவர்களின் கை சூடு ஆறுமுன்னரே அடுத்த கப்பல் வந்து சேர்ந்தது. 1990 இல் தொடங்கிய திருத்தவேலை 2001 இல் நிறைவெய்தியது. 1992 இல் பழைய பெயரும் மீண்டது. ஒரு கப்பலைத் திருத்திப் பெற்ற திறமையே மற்றொரு கப்பலையும் காத்தது என்பதை நேயர்கள் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். இடையிலே இருபது ஆண்டுகள் கழிந்திருந்தால் அந்தத் தொழிலாளரைத் தேடிப் பிடித்திருக்க இயலாது.

மற்றக் கப்பலாகிய கொன்ஸ்டிடியூஷன் 1797 இல் நீரில் இறக்கப்பட்டது. அதன் ஏரா பல அங்குலம் வளைந்துபோயிருந்தது. 1992 முதல் 1996 வரை அதனை உலர்துறையில் ஏற்றி, வளைவை நீக்கி, பழைய வரைபடங்களிற் கண்டபடி உள்ளே சாய்வு மரங்களை மீண்டும் அமைத்தனர். அதன் பயனாக 1997 இல், நூறு ஆண்டுகளுக்கு மேல் பாய் விரிக்காதிருந்த அக்கப்பல், தன் சொந்தப் பாய்களைக் கொண்டு கடலிலே சென்றது.

இந்தக் கப்பலுக்கு வேண்டிய மரம் எங்கிருந்து வருகின்றது தெரியுமா? கடலுக்கு மிகத் தொலைவிலே, அமெரிக்காவின் உள்நாட்டு மாநிலமாகிய இந்தியானாவில், கிரேன் என்னுமிடத்திலே கடற்படையினர் ஒரு காட்டைக் காத்து வருகின்றனர். அங்கே நிற்கும் வெள்ளை ஓக்கு மரங்கள் இந்த ஒரு கப்பலின் திருத்தவேலைக்கென ஒதுக்கப்பட்டவை. 1976 இல் அக்காட்டுக்குக் கப்பலின் பெயரையே சூட்டினர். ஓக்கு மரம் கப்பலுக்கு ஏற்றவாறு முதிர்வதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று கன்று நாட்டுபவன் அதன் பயனைக் காணமாட்டான். அவன் பேரனும் காண்பது அரிது. ஆயினும் நாட்டுகின்றார்கள். கடலைக் காணாத ஊரொன்று கப்பலைக் காக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பழைய மரத்தை எடுத்துவிட்டுப் புதிய மரத்தை வைத்துக்கொண்டே போனால், எஞ்சுவது பழைய கப்பல்தானா? கொன்ஸ்டிடியூஷனில் முதன்முதல் வைத்த மரம் இன்று ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடுதான் என்பர். இந்த ஐயம் புதியதன்று. பண்டைய ஏதென்சு நகரத்தார் தீசியசு என்னும் வீரனின் கப்பலைப் பலகை மாற்றிப் பலகை மாற்றிப் பேணி வந்ததையும், அது அதே கப்பல்தானா என்று தத்துவ அறிஞர் வாதிட்டதையும் புளூட்டார்க் எழுதி வைத்துள்ளார்.

நமக்கு இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஏதென்சு வரை போகவேண்டியதில்லை. அலவத்துகொடவிலிருந்து சிறிது தூரம் சென்றால் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் பவனி வருகின்றன. தேரின் சில்லு தேய்ந்தால் மாற்றுகின்றோம். அச்சு முறிந்தால் மாற்றுகின்றோம். அதனால் அது வேறு தேர் ஆகிவிட்டது என்று எவரும் கூறுவதில்லை. ஏனெனில், அதே அளவிலே, அதே முறையிலே, அதே மரபறிந்த தச்சர் செய்கின்றனர். அதே தெருவிலே அதே மக்கள் வடம் பிடிக்கின்றனர். மாறாதிருப்பது மரமன்று, முறையும் பயனுமே. கப்பலுக்கும் இதே நீதிதான். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. எந்த மரத்தை எப்போது எடுத்தோம், எதனை வைத்தோம் என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தல் வேண்டும். அளவு குறிக்காது மாற்றுபவன் பேணுபவன் அல்லன், அழிப்பவனே.

மலைநாட்டார்க்கு நெருங்கிய மற்றுமொரு கப்பலைப் பற்றியும் கூறுதல் வேண்டும். ஜேம்ஸ் டெயிலர் என்பார் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்தூரத் தோட்டத்திலே தேயிலையை வர்த்தகப் பயிராக நாட்டியது 1867 இல். இரண்டு ஆண்டுகள் கழித்து, சீனத் தேயிலையை விரைவாக இலண்டனுக்கு ஏற்றிச் செல்வதற்கென இசுக்கொத்துலாந்திலே கட்டப்பட்டது 'கட்டி சார்க்' என்னும் பாய்க்கப்பல். அது நீரில் இறக்கப்பட்டது 1869 நவம்பர் 22 ஆம் நாள். சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதோ அதே மாதம் 17 ஆம் நாள். ஐந்தே நாள்! கால்வாயின் வழியே நீராவிக் கப்பல்கள் குறுகிய காலத்திலே சென்று வரத் தொடங்கின. காற்றை நம்பிய கப்பலோ ஆபிரிக்காவைச் சுற்றியே வரவேண்டியிருந்தது. ஆகவே, தேயிலைக்கென்றே பிறந்த அக்கப்பல் எட்டு முறைதான் சீனத் தேயிலையை ஏற்றிச் சென்றது.

1954 முதல் கிரினிச்சிலே கரையேற்றி வைக்கப்பட்டிருந்த அக்கப்பலில், திருத்தவேலை நடந்துகொண்டிருந்தபோது, 2007 மே மாதம் 21 ஆம் நாள் பெருந்தீ மூண்டது. அணைக்காது விடப்பட்ட தூசி உறிஞ்சும் பொறியொன்றே பெரும்பாலும் காரணம் என்று விசாரணையிலே கருதப்பட்டது. நல்வினையாக, பாய்மரங்களும் பலகைகளுட் பலவும் திருத்தும் பொருட்டு முன்னரே கழற்றி வேறிடத்திலே வைக்கப்பட்டிருந்தன. ஆகவே கப்பல் பிழைத்து, 2012 இல் மீண்டும் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. புயலுக்குத் தப்பிய கப்பல் ஒரு சிறு கவனக்குறைவுக்குத் தப்பவில்லை. பேணும் இடமே சில வேளைகளில் ஆபத்தான இடமாகிவிடும் என்பதை இது உணர்த்துகின்றது.

பிற நாட்டாரின் கப்பல்களைப் பற்றி இவ்வளவும் கூறினோம். நம் நாட்டின் கப்பல்கள் எங்கே?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையிலே, பாய்க்கப்பல் கட்டும் மேத்திரிமாரும், அவற்றைச் செலுத்தும் தண்டயல்மாரும் பல தலைமுறை வாழ்ந்தனர். இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் அவர்களின் கப்பல்கள் சென்று வந்தன. அங்கே கட்டப்பட்ட கப்பல்களுள் ஒன்று 'அன்னபூரணி அம்மாள்'. ஏறத்தாழத் தொண்ணூறு அடி நீளமுள்ள இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. சிறியதொரு படகிலே 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேட் இரொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனைக் கண்டு விரும்பி விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரைச் சேர்த்து 'புளோரன்சு சி. இரொபின்சன்' என்று பெயர் சூட்டினார். தம்பிப்பிள்ளை தண்டயலின் தலைமையிலே வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செங்கடல் வழியாகவும், மத்தியதரைக் கடல் வழியாகவும், அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தும் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்ட் மாதத்திலே அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர்.

கப்பற்கலையிலே தேர்ந்த அந்நியர் ஒருவர், தமக்கென ஒரு கப்பலைத் தேடியபோது, நம் மேத்திரிமாரின் கைவேலையைத் தேர்ந்தெடுத்தார். அக்கப்பல் ஒரு பெருங்கடலைத் தாண்டித் தன் தரத்தை மெய்ப்பித்தது. ஆனால், அதனை ஒத்த கப்பல் ஒன்றேனும் இன்று நம் நாட்டுத் துறைமுகமொன்றிலே பேணப்படவில்லை. நமக்கு எஞ்சியிருப்பவை சில ஒளிப்படங்களும் முதியோரின் நினைவுகளுமே. நீராவியும் மோட்டாரும் வந்து பாயை வென்றன; அது எங்கும் நிகழ்ந்ததே. ஆனால், பின்னர் வந்த நீண்ட போர்க்காலமும், 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலையும், நினைவாக எஞ்சியிருந்தவற்றையும் வாரிச் சென்றன.

தென்கரையின் கதையும் இதுவே. சிங்கள மக்கள் யாத்திரா தோணி என்னும் பெருங்கலங்களைக் கட்டினர். ஆணி அடியாது, தென்னங்கயிற்றாலே பலகைகளைத் தைத்து, பக்கத்திலே மிதப்புக் கட்டை பூட்டிய கப்பல் அது. தொடந்துவை முதலிய ஊர்களிலிருந்து இந்தியாவுக்கும் மாலைதீவுக்கும் அது சென்று வந்தது. கடைசிக் கலம் 1930 ஆம் ஆண்டளவிலே மாலைதீவுப் பக்கத்திற் சேதமுற்று அழிந்தது. தொடந்துவையிலுள்ள பௌத்த விகாரை ஒன்றிலே அதன் சிறு மாதிரி ஒன்று பேணப்பட்டிருந்தமையால், பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அதனை அளந்து, அக்கப்பலின் அமைப்பை ஓரளவு அறிந்துகொண்டனர். ஒரு முழுக் கப்பலைப் பேண இயலாத இடத்திலே ஒரு சிறு மாதிரி எத்துணைப் பெரிய பணியைச் செய்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கடலடியிலே கிடப்பவையும் உண்டு. 1659 இல் காலித் துறைமுகத்திலே மூழ்கிய 'அவொண்ட்ஸ்டர்' என்னும் ஒல்லாந்தக் கப்பலை, 2001 முதல் 2004 வரை நம் நாட்டுக் கடல்சார் தொல்லியலார் அயல்நாட்டு அறிஞரின் துணையோடு ஆராய்ந்தனர். நெடுங்காலம் கடலிலே ஊறிய மரத்தை வெளியே எடுத்து உலரவிட்டால், அது சுருங்கி வெடித்துவிடும். நன்னீரிலே ஊறவைத்து உப்பைப் போக்கி, பின்னர் மருந்தூட்ட வேண்டும். மேலே மிதக்கும் கப்பலுக்குப் பகையான நன்னீர், மூழ்கிய கப்பலுக்கு நட்பாகின்றது. 1961 இல் எடுக்கப்பட்ட சுவீடனின் 'வாசா' என்னும் கப்பலுக்குப் பதினேழு ஆண்டுகள் இடைவிடாது மருந்து தெளித்தனர் என்றால், இப்பணிக்கு வேண்டிய பொறுமை விளங்கும். காலியிலே அவ்வாறு பேணப்பட்டுவந்த பொருள்களுட் பல ஆழிப்பேரலையிலே அழிந்தன. கடல் காத்துக் கொடுத்ததைக் கடலே மீண்டும் பறித்தது.

இனி நாம் செய்யக்கூடியது யாது? பெரும்பொருள் செலவிட்டு நாளையே ஒரு பெரிய பாய்க்கப்பலை அமைத்தல் வேண்டும் என்று நான் கூற வரவில்லை. கப்பலை அமைத்துவிட்டு, அதனைக் கவனிக்க ஆளில்லாது பத்தாண்டுகளிலே மக்கவிடுவதிலும், அமைக்காதிருத்தலே நன்று. வரிசை முறை ஒன்று உண்டு. முதலில் அறிவைப் பதிவு செய்தல். அடுத்துக் கைத்திறனைக் காத்தல். அதன் பின்னரே கப்பல்.

பதிவு என்பது என்ன? கரையோர ஊர்களிலே பாய் விரித்த காலத்தை நினைவு கொள்ளும் முதியோர் இன்னும் ஒரு சிலர் இருக்கக்கூடும். ஏரா, பருமல், கலப்பற்று என்று கப்பலின் உறுப்புக்கும் தொழிலுக்கும் அவர்கள் வழங்கிய சொற்களையும், எந்தக் காற்றிலே எந்தத் துறைக்குப் பயணப்படுவது என்ற அறிவையும், எந்த மரத்தை எந்தப் பருவத்திலே வெட்டுவது என்ற வழக்கத்தையும் உடனே கேட்டு எழுதுதல் வேண்டும். சொல் மறைந்தால் தொழிலும் மறைந்ததாகும். அடுத்து, வள்ளமும் தோணியும் மரத்தாலே கட்டத் தெரிந்த தச்சர் எவரேனும் இருப்பின், இரண்டு இளைஞரையாவது அவரிடம் மாணவராக வைத்துப் பயிற்றுதல் வேண்டும். ஹாட்டில்பூலின் பாடம் இதுவே.

மலைநாட்டார்க்கு இதிலே பங்கில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். 1833 இல் பேராதனையிலே மகாவலிக்குக் குறுக்காக 205 அடி நீளமான ஒற்றை வளைவுப் பாலமொன்று முற்றிலும் முதிரை மரத்தாலே அமைக்கப்பட்டது. ஆணியோ திருகாணியோ அதிலே இல்லை என்பர். எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அப்பாலம் 1905 இல் அகற்றப்பட்டது. அதனை இணைத்த முறையை அறிந்த கைகளும் அதனோடு மறைந்தன. கப்பலுக்கு நேர்ந்த கதியே பாலத்துக்கும் நேர்ந்தது. மரவேலையின் பெருமையும் இழப்பும் கரையோரத்துக்கு மட்டும் உரியன அல்ல.

சிங்களத்திலே ஹல்மில்ல என்றும் தமிழிலே சாவண்டலை என்றும் வழங்கும் மரத்தை ஆங்கிலத்திலே 'திருகோணமலை மரம்' என்றே அழைப்பர். சென்னைக் கரையின் படகுகளுக்கு அது பெரிதும் வேண்டப்பட்டது. அம்மரமும் முதிரையும் நம் உலர்வலயக் காடுகளின் செல்வங்கள். 2010 ஆம் ஆண்டிலே, பழங்கால அராபியக் கப்பலின் மாதிரியாகக் கயிற்றாலே தைத்துக் கட்டப்பட்ட 'மஸ்கற்றின் மணி' என்னும் கலம், ஓமானிலிருந்து சிங்கப்பூர் செல்லும் வழியிலே காலியிலே தங்கியது. வெடிப்புற்ற அதன் பாய்மரங்களுக்குப் பதிலாக நம் நாட்டிலே வெட்டிய மரங்களே நாட்டப்பட்டன. நொக்ஸ் வந்த கப்பல் கொட்டியாரத்திலே பாய்மரம் தேடி மூன்றரை நூற்றாண்டுகள் சென்ற பின்னரும், கடலோடிகள் இத்தீவின் காட்டையே நாடவேண்டியிருந்தது. அன்றும் இன்றும் மரம் இருந்தது. நாளை இருக்குமா என்பதே வினா.

ஆகவே, மாத்தளை வீதியிலும் அலவத்துகொடவின் குன்றுகளிலும் உள்ள பாடசாலைகள் ஒவ்வொன்றும், தத்தம் மண்ணுக்கேற்ற நெடுமரங்கள் சிலவற்றை நாட்டி, நாட்டிய ஆண்டையும் மரத்தின் பெயரையும் ஏட்டிலே குறித்து வைக்கலாம். மரத்தச்சர் பட்டறைகளுக்கு மாணவரை அழைத்துச் சென்று, ஆணியின்றிப் பூட்டும் முறைகளைக் காட்டலாம். பழைய கப்பலொன்றின் அளவான மாதிரியைச் செய்யச் செய்யலாம். தொடந்துவையின் சிறு மாதிரியை நினைவு கொள்ளுங்கள். அதனைச் செய்தவன் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வருபவர் அதனை அளந்து பார்ப்பர் என்று எண்ணியிருக்க மாட்டான்.

காற்றை நம்பிக் கடல் கடந்த மக்கள் இத்தீவிலே வாழ்ந்தனர். தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் அக்கலங்களிலே உழைத்தனர். அவர்களின் கப்பல்கள் நம் கண்முன் இல்லை. ஆனால், அவற்றை மீண்டும் கட்டுவதற்கு வேண்டிய மரமும் சொல்லும் கையும் இன்னும் முற்றாக அற்றுப் போகவில்லை. அவை அற்றுப் போகாதவாறு காப்பது, கரையில் வாழ்வோருக்கும் மலையில் வாழ்வோருக்கும் பொதுவான கடமையாகும்.